கட்டியின் எல்லை எங்கே?

மார்பகத்தில் ஒரு கட்டி இருக்கிறது. அது புற்றுதான் என்று ஊசிச் சோதனையும் சொல்லிவிட்டது. இனி அறுவை மருத்துவர் விடை காண வேண்டிய கேள்வி, எவ்வளவு எடுப்பது என்பதுதான். குறைவாக எடுத்தால் கட்டியின் ஒரு பகுதி உள்ளே தங்கிவிடும். சில வாரங்களில் அந்தப் பெண் மறுபடியும் அறுவை மேசைக்கு வர நேரிடும். அதிகமாக எடுத்தாலோ, காப்பாற்றியிருக்கக்கூடிய மார்பகத்தை அவர் வீணே இழக்கிறார்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்பவர் வகுத்த முறைதான் வெகுகாலம் வழக்கில் இருந்தது. கட்டி சுண்டைக்காய் அளவாயினும் எலுமிச்சை அளவாயினும், மார்பகம் முழுவதையும், அதன் அடியிலுள்ள தசைகளையும், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்தே அகற்றுவார்கள். 1970களில் இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரொனேசியும், அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் பெரும் ஆய்வுகளைத் தொடங்கினார்கள். கட்டியையும் அதைச் சுற்றிய பகுதியையும் மட்டும் எடுத்து, எஞ்சிய மார்பகத்துக்குக் கதிர்வீச்சு அளித்தாலும் நோயாளியின் ஆயுள் குறைவதில்லை என்று அவை காட்டின. இரண்டு ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகளும் 2002இல் வெளியாயின.

அறுவை சிறிதாயிற்று; ஆனால் அதைத் திட்டமிடும் வேலை பெரிதாயிற்று! கட்டி எங்கே முடிகிறது என்பது முன்பு யாருக்கும் தேவைப்படாத செய்தி. இப்போது எல்லாம் அதைப் பொறுத்ததாகிவிட்டது. அந்த எல்லையைக் கத்தி வைக்குமுன்பே காண வேண்டும். இங்கேதான் மருத்துவர் இயற்பியலின் துணையை நாடுகிறார்.

மார்பகப் புற்றுகளில் பெரும்பாலானவை பால் நாளங்களில் தோன்றுபவை. அவற்றைப் படம் பிடிப்பதில் மருத்துவர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. இந்தக் கட்டுரையில் நாம் காணப்போவது அவ்வளவு பழக்கமில்லாத இரண்டைப் பற்றி. ஒன்று, பால் சுரக்கும் நுண்மடல்களின் பெயரால் வழங்கும் மடல் புற்று. பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்றுகளில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இவ்வகை. மற்றது, நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத இலைக் கட்டி. முதல் வகையில், கட்டி இருக்கும், ஆனால் படத்தில் அதன் எல்லை தெரியாது. இரண்டாம் வகையில் எல்லை பளிச்சென்று தெரியும், ஆனால் அது இன்ன கட்டி என்பது தெரியாது.

நிழல் விழும் கணக்கு

எக்ஸ் கதிர்ப் படம் என்பது நிழற்படம் என்பதை அறிவீர்கள். எலும்பு மிகுதியாகக் கதிரை உறிஞ்சுகிறது. தசை குறைவாக உறிஞ்சுகிறது. ஆகவே கை எலும்பைப் படம் பிடிப்பது எளிது. மார்பகத்திலோ எலும்பே இல்லை. கொழுப்பு, சுரப்பித் திசு, நார் ஆகிய மென்மையான பொருள்களே உள்ளன. இவற்றினிடையே வேறுபாடு காண வேண்டுமாயின் ஆற்றல் குறைந்த கதிர் வேண்டும். நெஞ்சுப் படத்துக்கு 100 கிலோவோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் பயன்படுகிறது; மார்பகப் படத்துக்கு ஏறத்தாழ 25 முதல் 30 வரை போதும். 1960களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் சார்ல் குரோ என்பவர் இதற்கென்றே மாலிப்டினம் உலோகத்தைக் குழாயின் இலக்காக அமைத்தார். மாலிப்டினத்தின் தனிச்சிறப்புக் கதிர்களின் ஆற்றல் 17.5, 19.6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். மெல்லிய திசுக்களைப் பிரித்துக் காட்ட அது ஏற்ற அளவு.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். பொருளின் வழியே செல்லும் கதிர் அடுக்குக்குறி விதிப்படி குறைகிறது என்பது பட்ட வகுப்பில் எல்லோரும் தேர்வுக்காக நெட்டுருச் செய்யும் பாடம். அந்தச் சமன்பாட்டால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கும் மாணவர்களும் உண்டு. அவர்கள் இதைக் கேட்கட்டும். 20 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில், ஒரு செ.மீ. தடிப்புக்கு உறிஞ்சும் கெழு கொழுப்புக்கு ஏறத்தாழ 0.45, சுரப்பித் திசுவுக்கு 0.80, புற்றுக்கு 0.85. ஒரு செ.மீ. அளவுள்ள கட்டி கொழுப்பினிடையே கிடந்தால், அதன் வழியே வரும் கதிர் அக்கம்பக்கத்தில் வருவதில் 67 விழுக்காடுதான். நிழல் நன்றாக விழும். அதே கட்டி சுரப்பித் திசுவினிடையே கிடந்தால் 95 விழுக்காடு வந்துவிடுகிறது. வெள்ளைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியைத் தேடுவது போலத்தான். இளம் பெண்களுக்குச் சுரப்பித் திசு மிகுதி என்பதால் அவர்களின் படத்தில் கட்டி ஒளிந்துகொள்வதன் காரணம் இதுவே.

மேலே சொன்ன கணக்கு கட்டி உருண்டு திரண்டிருந்தால்தான் பொருந்தும் என்பதையும் கவனியுங்கள். மடல் புற்று அப்படித் திரளுவதில்லை.

எறும்புச் சாரை

உடலின் மேற்பரப்புத் திசுக்களில் ஒரு செல்லை மற்றொரு செல்லோடு ஒட்டி வைக்கும் பசை போன்ற புரதங்கள் உள்ளன. ஜப்பானைச் சேர்ந்த மசதோஷி தகெய்ச்சி 1980களில் இவற்றுக்குக் கேதரின் என்று பெயரிட்டார். மடல் புற்றுச் செல்களில் பெரும்பாலும் இ-கேதரின் என்னும் பசை இல்லை என்பது 1990களில் தெரியவந்தது. பசை இல்லாத செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு உருண்டையாக வளர முடியாது. அவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையிட்டு, நார்களின் இடுக்குகளில் புகுந்து செல்கின்றன. தரையில் கொட்டிய சர்க்கரையை மொய்த்து நிற்கும் எறும்புக் கூட்டத்தைத் தொலைவிலிருந்தே காணலாம். அதே எறும்புகள் சுவரில் சாரையாகப் போகும்போது அருகில் சென்றால்தான் தெரியும். எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும், நிழல் விழத் திரட்சி வேண்டும்.

இதனால் ஏற்படும் விளைவு சாதாரணமானதன்று. எக்ஸ் கதிர்ப் படத்தில் 2 செ.மீ. என்று அளந்த மடல் புற்று, வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது 5 செ.மீ. பரவியிருக்கலாம். நாளப் புற்றுகள் பலவற்றில் காணும் சுண்ணாம்புப் பொடிகளும் இதில் குறைவு. கையால் தடவினாலும் கட்டியாகத் தோன்றாமல், அந்த இடம் சற்றே தடித்திருப்பதாக மட்டும் படலாம்.

கேளா ஒலி இந்த இடத்தில் ஓரளவு உதவுகிறது. மார்பகத்தில் கேளா ஒலியைச் செலுத்திப் பார்க்கும் முயற்சியை 1950களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் மின்னெசோட்டாவில் ஜான் வைல்ட், ஜான் ரீட் இருவரும் செய்தார்கள். திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு 1540 மீட்டர். 12 மெகாஹெர்ட்ஸ் ஒலியாயின் அலைநீளம் 0.13 மி.மீ. ஆகவே நுட்பமாகவே பார்க்கலாம். மடல் புற்று ஒலியை உறிஞ்சிச் சிதறடிப்பதால் அதன் பின்னால் ஒரு கரிய நிழல் விழும். கட்டி இருக்கும் இடத்தைக் காட்ட அது போதும். ஆனால் நிழலுக்குள் கிடப்பது தெரியாதாகையால், எல்லையைக் காட்டுவதில் கேளா ஒலியும் பல வேளைகளில் குறைத்தே சொல்கிறது.

வேறு வழி என்ன? செல்களைத் தேடுவதை விட்டு, அவற்றுக்கு உணவு கொண்டு வரும் வழியைத் தேடுவது. கட்டி வளர வேண்டுமாயின் அது தனக்கென்று புதிய இரத்தக் குழாய்களை வருவித்துக்கொள்ள வேண்டும் என்று 1971இல் ஜூடா ஃபோக்மன் என்ற அறுவை மருத்துவர் எழுதினார். அவசரத்தில் போட்ட குழாய் ஒழுகும் அல்லவா? இந்தப் புதுக் குழாய்களும் ஒழுகுகின்றன. அந்த ஒழுக்கைப் படம் பிடிப்பதே காந்த ஒத்ததிர்வு முறை, அதாவது எம்.ஆர்.ஐ., மார்பகத்தில் செய்யும் வேலை.

நம் உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நுண்ணிய பம்பரங்கள் போன்றவை. 1.5 டெஸ்லா காந்தப்புலத்தில் அவை நொடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 லட்சம் முறை தலை சுழற்றுகின்றன. அதே அதிர்வெண்ணுள்ள வானொலி அலையைச் செலுத்தி நிறுத்தினால், அவை கிளர்ந்தெழுந்து பின் மெல்ல ஓய்வுக்குத் திரும்புகின்றன. கடோலினியம் என்னும் தனிமத்தின் அயனியில் இணை சேராத எலெக்ட்ரான்கள் ஏழு உண்டு. இவை அருகிலுள்ள நீரின் பம்பரங்களை விரைந்து ஓய்வுக்குத் திரும்பச் செய்கின்றன. அந்த இடம் படத்தில் ஒளிர்கிறது. தனித்த கடோலினியம் நஞ்சு. ஆகவே அதை ஒரு மூலக்கூறுக் கூண்டில் அடைத்துக் கைநரம்பில் ஏற்றுகிறார்கள். சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கு இதைக் கொடுக்குமுன் தனி எச்சரிக்கை தேவை.

மருந்தை ஏற்றுமுன் ஒரு படமும், ஏற்றிய பின் ஒன்று அல்லது ஒன்றரை நிமிட இடைவெளியில் பல படங்களும் எடுக்கிறார்கள். முன்னதைப் பின்னதிலிருந்து கழித்தால், குழாய்கள் ஒழுகும் இடம் மட்டும் எஞ்சும். நாளப் புற்று சட்டென்று ஒளிர்ந்து விரைவில் மங்குவது வழக்கம். மடல் புற்று அப்படியன்று. பல வேளைகளில் மெதுவாகவே ஒளிர்கிறது. முதல் நிமிடப் படத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்பவர் ஏமாறக்கூடும். ஆயினும், மடல் புற்றின் உண்மையான பரப்பை மற்ற இரண்டு முறைகளையும்விட எம்.ஆர்.ஐ. சரியாகக் காட்டுகிறது என்பதில் பெரும்பாலான மருத்துவர்களுக்கு ஐயமில்லை. எம்.ஆர்.ஐ. வசதியில்லாத இடத்தில் இன்னொரு வழியும் உண்டு. அயோடின் 33.2 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் எக்ஸ் கதிரைத் திடீரென்று மிகுதியாக உறிஞ்சத் தொடங்குகிறது. அயோடின் மருந்தை ஏற்றி, அந்த எல்லைக்குக் கீழே ஒரு படமும் மேலே ஒரு படமும் எடுத்துத் தக்கபடி கழித்தால், இதேபோல் குழாய்கள் ஒழுகும் இடம் தெரியும்.

கூடுதல் படம், குறைந்த அறுவையா?

இத்தனை நுட்பமான கருவி இருக்கும்போது எல்லோருக்கும் அதைப் பயன்படுத்திவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பிரிட்டனில் 45 மருத்துவமனைகளில் 1,623 பெண்களைக் கொண்டு இதையே சோதித்தார்கள். கட்டியை மட்டும் எடுக்கும் அறுவைக்குக் காத்திருந்தவர்களில் ஒரு பாதியினருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், மறு பாதியினருக்கு எடுக்கவில்லை. 2010இல் முடிவு வெளியாயிற்று. மறு அறுவைக்கு வந்தவர்கள் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் 19 விழுக்காடு. எடுக்காதவர்களிலும் 19 விழுக்காடு!

இந்த முடிவைச் சிலர் எம்.ஆர்.ஐ.க்கு எதிரான தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழக்கமான கட்டிகளுக்கு எக்ஸ் கதிரும் கேளா ஒலியுமே எல்லையை நன்றாகக் காட்டிவிடுகின்றன. மூன்றாவது படம் புதிதாக என்ன சொல்லப்போகிறது? அதன் பயன் முதல் இரண்டும் ஏமாந்துபோகும் இடத்தில்தான் இருக்க முடியும். அதே 2010இல் ஐரோப்பிய மார்பகப் புற்று வல்லுநர்களின் அமைப்பு, அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுப்பது பொருந்தும் நோயாளிகளின் பட்டியலில் மடல் புற்று உள்ளவர்களைச் சேர்த்தது. அவர்களுக்கு மறு அறுவை எவ்வளவு குறைகிறது என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மற்றொரு ஆபத்தும் உண்டு. எம்.ஆர்.ஐ.யில் ஒளிர்வதெல்லாம் புற்றன்று. மாதவிலக்குச் சுழற்சிக்கேற்பச் சாதாரணச் சுரப்பித் திசுவும் ஒளிரும். கட்டிக்கு அப்பால் புதிதாக ஒரு புள்ளி ஒளிர்ந்தது என்பதற்காக மார்பகத்தையே எடுத்துவிடத் தீர்மானிப்பது பெரும் பிழை. அந்தப் புள்ளியில் ஊசியிட்டுச் சதைத் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் உறுதி செய்த பின்னரே அறுவைத் திட்டத்தை மாற்ற வேண்டும்.

இலைக் கட்டி

இனி இரண்டாவது கட்டிக்கு வருவோம். 1838இல் ஜெர்மானிய அறிஞர் யோஹான்னஸ் முல்லர் இதை விவரித்தார். வெட்டிப் பார்த்தால் முட்டைக்கோசின் உட்புறம் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். ஆகவே இலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் ஃபில்லோடிஸ் என்று பெயரிட்டார்கள். இது படத்தில் ஒளிவதே இல்லை. எக்ஸ் கதிரிலும் கேளா ஒலியிலும் வழவழப்பான விளிம்புடன் உருண்டையாகத் தெரியும். சங்கடம் என்னவென்றால், இளம் பெண்களுக்குச் சாதாரணமாக வரும் தீங்கற்ற நார்ச் சுரப்பிக் கட்டியும் அச்சாக இப்படியே தெரியும்! அது விரலுக்கு அகப்படாமல் புளியங்கொட்டை போல வழுக்கிச் செல்லும் கட்டி. எடுக்காமலே விட்டுவிடலாம், எடுத்தாலும் ஓட்டிலிருந்து பருப்பை எடுப்பது போல நெம்பி எடுத்துவிடலாம். இலைக் கட்டியை அப்படி எடுத்தால் திரும்ப வளரும். ஏனெனில், வழவழப்பாகத் தோன்றும் அந்த விளிம்பிலிருந்து நுண்ணிய விரல்கள் போன்ற நீட்சிகள் பக்கத்துத் திசுவில் புகுந்திருக்கக்கூடும்.

எம்.ஆர்.ஐ.கூட இவ்விரண்டையும் நிச்சயமாகப் பிரித்துச் சொல்வதில்லை. ஊசியால் எடுத்த துணுக்கும் ஏமாற்றலாம். கட்டியின் ஒரு பகுதி மற்றொரு பகுதியைப் போல இருப்பதில்லை. சந்தேகம் எழ வேண்டியது பெரும்பாலும் காலக்கணக்கால்தான். சில மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் விட்டம் 2 செ.மீ.யிலிருந்து 3 செ.மீ. ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செ.மீ. தானே என்று தோன்றும். கன அளவோ 8க்கு 27 என்ற விகிதத்தில், மூன்று மடங்குக்கும் மேலாகப் பெருகியிருக்கிறது. வயது நாற்பதை ஒட்டியிருந்து, கட்டி 3 செ.மீ.யையும் தாண்டி விரைந்து வளர்ந்தால், துணுக்குச் சோதனை தீங்கற்றது என்றாலும் கட்டியை முழுதாக எடுத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

பெயர் தெரிந்துவிட்டால் படங்களின் வேலை தெளிவாகிறது. கட்டி எவ்வளவு பெரிது, மார்பகத்தில் எவ்வளவு பங்கு அது, அடியிலுள்ள தசையைத் தொடுகிறதா, இடையில் ஒரு கொழுப்புப் படலம் எஞ்சியிருக்கிறதா என்பவற்றை, பெரிய கட்டிகளுக்கு எம்.ஆர்.ஐ. நன்கு காட்டும். சுற்றிலும் ஒரு செ.மீ. நல்ல திசுவோடு எடுப்பது நெடுநாள் வழக்கம். தீங்கற்ற வகைக்கு அவ்வளவு தேவையில்லை, விளிம்பு தூய்மையாக இருந்தால் போதும் என்ற கருத்து அண்மைக் காலத்தில் வலுப்பட்டு வருகிறது. தீய வகைக்கு இன்றும் ஒரு செ.மீ. இலக்குதான். தீய வகை நிணநீர் வழியே பரவுவது அபூர்வம். இரத்த வழியே நுரையீரலுக்குச் செல்லக்கூடும். ஆகையால் அக்குளை அறுக்காமல் விட்டுவிட்டு, நெஞ்சை சி.டி. படம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

கவிழ்ந்து எடுத்த படம், மல்லாந்து செய்யும் அறுவை

படம் சரியாகவே கிடைத்துவிட்டது என்று கொள்வோம். அதைக் கொண்டு கத்தியை எங்கே வைப்பது? இயற்பியல் மாணவருக்கு இதுவே மிகச் சுவையான பகுதி என்பேன்.

எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும்போது அந்தப் பெண் நிற்கிறார். மார்பகம் இரண்டு தட்டுகளுக்கிடையே அழுத்தப்பட்டிருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் அவர் குப்புறப் படுக்கிறார். மார்பகம் குழிக்குள் தொங்குகிறது. அறுவை மேசையிலோ மல்லாந்து படுக்கிறார். மார்பகம் தட்டையாகி அக்குள் பக்கம் சரிகிறது. ஊற்றிய பாத்திரத்தின் வடிவத்தை எடுக்கும் கூழ் போன்றது இத்திசு. குப்புறப் படுத்த நிலையில் ஓரிடத்தில் இருந்த கட்டி, மல்லாந்தால் சில செ.மீ. நகர்ந்துவிடுகிறது. வரைபடத்தில் மி.மீ. அளவுக்கு நுட்பம் இருந்தும், நிலமே இடம் மாறிவிட்டால் என்ன பயன்? பிரிட்டனின் அந்த ஆய்வு முடிவுக்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. அமெரிக்காவின் டார்ட்மவுத் மருத்துவக் குழுவினர் மல்லாந்த நிலையிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்து, மார்பின் மேற்பரப்பை ஒளியால் அளந்து, இரண்டையும் பொருத்தி அறுவைக்கு வழிகாட்டும் முறையை ஆராய்ந்திருக்கிறார்கள்.

பரவலாக வழக்கிலிருப்பது இதைவிட எளிய உபாயம். திசு எப்படி நகர்ந்தாலும் அதனோடு சேர்ந்து நகரும் ஒரு அடையாளத்தை உள்ளேயே வைத்துவிடுவது! 1970களிலிருந்து, நுனியில் கொக்கியுள்ள மெல்லிய கம்பியைப் படத்தின் துணையோடு கட்டிக்குள் செலுத்தி வந்தார்கள். இப்போது பல இடங்களில் அரிசி மணி அளவுள்ள விதை வைக்கிறார்கள். சில விதைகளில் அயோடின்-125 இருக்கும். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 60 நாள். கதிரின் ஆற்றல் 27 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அளவு. அக்குள் கணுவைக் கண்டறியப் பயன்படும் டெக்னீசியத்தின் கதிரோ 140. ஆகவே ஒரே காமா உணர்கருவியை இரண்டு ஆற்றல்களுக்கும் மாற்றி மாற்றி வைத்து, விதை எங்கே, கணு எங்கே என்று தனித்தனியே கேட்கலாம். கதிரியக்கம் வேண்டாம் என்போர்க்குக் காந்த விதை உண்டு. மடல் புற்றுக்கு ஒரு விதை போதாது. எம்.ஆர்.ஐ. காட்டிய பரப்பின் இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று வைத்து, இரண்டுக்கும் இடைப்பட்டதை எடுக்கிறார்கள்.

வெளியே எடுத்த திசுவை அறுவைக் கூடத்திலேயே எக்ஸ் கதிரில் பார்ப்பதுண்டு. இதற்கு முன்னோடி பெர்லின் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன். 1913இல் அவர் அறுத்தெடுத்த மார்பகங்கள் ஏறத்தாழ 3,000ஐ எக்ஸ் கதிரில் ஆராய்ந்து வெளியிட்டார். விதை வந்துவிட்டதா, விளிம்பு கட்டியை ஒட்டியிருக்கிறதா என்று உடனே தெரிந்தால், அந்தப் பக்கம் இன்னும் சிறிது எடுத்துவிடலாம். இலைக் கட்டிக்கு இது நன்கு உதவும். மடல் புற்றின் சாரையை இங்கேயும் எக்ஸ் கதிர் முழுதாகக் காட்டாது. அதற்கு நோயியல் மருத்துவரின் நுண்ணோக்கிதான் வேண்டும். அவர் திசுவின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு வண்ண மை பூசி, மெல்லிய சீவல்களாக்கிப் பார்க்கிறார். 2014இல் அமெரிக்க அறுவை மருத்துவர்களும் கதிர் மருத்துவர்களும் கூடி ஏற்றுக்கொண்ட விதிப்படி, பரவும் புற்றில் மை பட்ட விளிம்பில் புற்றுச் செல் எதுவும் இல்லையென்றால், கதிர்வீச்சும் உடன் அளிக்கப்படும்போது அந்த விளிம்பு போதுமானது. மடல் புற்றுக்கும் அதே விதிதான். சில நாள்கள் கழித்து வரும் அந்த அறிக்கையில் எந்த வண்ணத்தின் மேல் செல் இருக்கிறது என்று எழுதியிருந்தால், அந்தப் பக்கத்துக்கு மட்டும் மறு அறுவை.